கடைசிக் கை

பட்டினச்சேரி போன்ற மீனவர் ஊர்களில் கரைவலை இழுப்பதற்கு ஒரு நியாயம் உண்டு. வலைக்காரருக்கு அவர் பங்கு. கயிறு பிடித்தவர்களுக்கு அவரவர் பங்கு. கடைசியில் மடியைத் தூக்கிக் கரையில் போட்டவன், "மீனெல்லாம் என்னுடையது" என்றால் ஊர் சிரிக்கும்.

படித்தவர்களாகிய நாமோ சிரிப்பதில்லை, கைதட்டுகிறோம்! கிரிக்கெட் கணக்கைப் பிரித்ததும் பௌலரைப் பற்றி என்ன கேட்கிறோம்? "எத்தனை விக்கெட்?" அவ்வளவுதான்.

1964 ஜனவரியில் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில், பாபு நட்கர்னி 32 ஓவர் வீசினார். 27 மெய்டன், கொடுத்தது 5 ரன். அதில் தொடர்ந்து 21 ஓவர் மெய்டன். விக்கெட்? பூஜ்யம். அதே இன்னிங்ஸில் சந்து போர்டே 5 விக்கெட் எடுத்தார். போர்டேயின் திறமையை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒரு முனையில் கதவைச் சாத்தினால், ஆடுகிறவன் மறுமுனையில்தானே துணிந்தாக வேண்டும்? கதவைச் சாத்தியவனுக்கு அந்த விக்கெட்டுகளில் ஒரு பங்கும் கிடையாது. அவன் உழைப்பை வேடிக்கைச் செய்தியாக்கி விட்டோம்.

"கண்ணுக்குத் தெரிவதைத்தானே எழுத முடியும்?" என்பார்கள். அமெரிக்கர்களின் பேஸ்பாலைப் பாருங்கள். அங்கே முதல் பௌலர் களைத்தால் நடுவில் மாற்றுப் பௌலர் வருவார். அவர் முறையில் அணி முந்தி, அந்த முன்னிலை கடைசிவரை நிலைத்தால், வெற்றி அவர் பெயரில். 1959-இல் எல்ராய் ஃபேஸ் என்ற மாற்றுப் பௌலருக்கு 18 வெற்றி, ஒரே தோல்வி. ஆனால் சில ஆட்டங்களில் கையில் கொடுத்த முன்னிலையை அவரே கோட்டைவிட்டார், சகாக்கள் அடித்து மீட்டார்கள், வெற்றி அவருக்கு! தீயைப் பரவவிட்டவனுக்கே அணைத்த பதக்கம்.

இதைப் பொறுக்காத ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் என்ற பத்திரிகைக்காரர், முன்னிலையைக் காப்பாற்றுகிறவனுக்காக 'சேவ்' என்ற கணக்கை வகுத்தார். 1969-இல் அது சட்டமானது. அதிலும் பழைய நோய்தான். மூன்று ரன் முன்னிலையோடு கடைசி இன்னிங்ஸை வீசி முடிப்பவனுக்குச் சேவ் உண்டு. ஏழாவது இன்னிங்ஸில், மூன்று தளத்திலும் எதிரி நிற்க, உள்ளே வந்து ஒரு ரன்னும் விடாமல் காத்துவிட்டுப் போனவனுக்கு அது இல்லை! அந்த மூவரையும் ரன் எடுக்கவிட்டாலோ, பழி முன்னவர் கணக்கில். வந்தவர் ஏடு சுத்தம்.

ஏடு பொய் சொல்லவில்லை. பாதி சொல்லி நிறுத்துகிறது. அந்தப் பாதியை வைத்து அணியில் இடமும் ஏலத்தில் விலையும் பேசுவது நாம்தான். எந்த நிலையில் பந்தை வாங்கினான், எந்த நிலையில் கொடுத்துவிட்டுப் போனான் - இந்த இரண்டையும் எழுதுங்கள். பந்துக்குப் பந்து கணக்கு வைக்க இன்று கருவி இருக்கிறது. முடியாது என்ற சாக்குச் செல்லாது. எழுத மறுத்தால், அது கணக்கல்ல, கூலி மறுப்பு!