பூரியோட அக்கா

பத்து வருடமாக வானொலியில் பேசுகிறேன். குரலை வைத்தே என்னைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. ஆனால் கிள்ளானில், நான் பிறந்து வளர்ந்த தாமானில், இப்போது எனக்கு ஒரே பெயர்தான்: பூரியோட அக்கா.

பூரி எங்கள் வீட்டு லாப்ரடோர். இரண்டு மாதக் குட்டியாக வந்தபோது எண்ணெயிலிருந்து அப்போதுதான் எடுத்தது மாதிரி பொன்னிறமாக, உப்பலாக இருந்தான். பெயர் வைத்தது அம்மா. இப்போது ஏழு மாதம், 27 கிலோ. உடம்பு பெரிய நாயுடையது, புத்தி இன்னும் பாலர் பள்ளியில்தான். "கடிப்பானா?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். கடிக்க மாட்டான். ஆனால் பிரியம் காட்டினால் ஆள் கீழே விழுந்துவிடுவார். இதை எப்படிச் சொல்வது?

என் நிகழ்ச்சி மதியம்தான் என்பதால் காலை முழுக்க அவனுக்கு. ஒன்பது மணிக்கு மேல் வெளியே போக முடியாது. தார்ச் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நம் கை தாங்காத சூட்டை அவன் பாதமும் தாங்காது. நடக்கும்போது அவன் இழுத்தால் நான் நின்றுவிட வேண்டும், கயிறு தளர்ந்தால்தான் அடுத்த அடி. பயிற்சியாளர் சொன்ன விதி இது. முதல் நாள் எங்கள் வாசலிலிருந்து நான்காவது வீட்டுக்குப் போக இருபது நிமிடம் ஆனது. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த சீன ஆன்ட்டி, எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்துவிட்டார்.

உட்கார வைப்பது தனிக் கதை. நான் "உட்கார்" என்பேன். அப்பா "சிட்" என்பார். அம்மா "உக்காருடா சாமி" என்பார். எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தோம். அதற்குள் அவன் "சாமி" என்ற சொல்லுக்கு மட்டும் உட்காரப் பழகிவிட்டான். மாலையில் அம்மா விளக்கேற்றி "சாமி" என்று ஆரம்பித்தால், வாசலில் ஒருவன் பணிவாக உட்கார்ந்திருப்பான்.

நகராண்மைக் கழகப் பூங்காக்கள் பலவற்றில் நாய்ப் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை இருக்கும். அதனால் மாதத்துக்கு ஒரு ஞாயிறு, கோலாலம்பூர் டேசா பார்க்சிட்டி பூங்காவுக்குக் கார் எடுப்போம். அங்கே நாய்களோடு நடக்கலாம். போகும் வழியெல்லாம் பின் இருக்கையில் நின்றுகொண்டு என் தோளில் எச்சில் வடிப்பான். போன தடவை "பூரி, வேணாம்டா!" என்று நான் கத்தியதும், ஓடிக்கொண்டிருந்த ஒருவர் நின்று, "அக்கா, நீங்க ரேடியோல..." என்றார். நானும் வானொலிக் குரலில் புன்னகைத்தேன். அந்த நேரத்தில் அவர் மனைவியின் காலணிக் கயிறு பூரியின் வாயில் இருந்தது.

இதெல்லாம் சிரிக்கக்கூடிய கதைகள். சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது.

எங்களுக்கும் பக்கத்து வீட்டு பாக்சிக்குக்கும் நடுவே இடுப்பளவு சுவர் ஒன்றுதான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அப்பாவுக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது மருத்துவமனைக்குக் கார் ஓட்டியவர் அவர்தான். பெருநாளுக்கு ரெண்டாங் இந்தப் பக்கம் வரும், தீபாவளிக்கு முறுக்கு அந்தப் பக்கம் போகும்.

இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு ஞாயிறு மாலை. மழை விட்டிருந்தது. குப்பை போட நான் கேட்டைத் திறந்த இரண்டு விநாடியில் பூரி வெளியே பாய்ந்துவிட்டான். மஃரிப் தொழுகைக்காக சூராவுக்குக் கிளம்பிய பாக்சிக், வெள்ளை பாஜு மெலாயுவில் தன் வாசலில் நின்றிருந்தார். பூரிக்கு அவரைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். ஈரக் கால்கள் இரண்டும் அவர் மார்பில், நாக்கு அவர் கையில்.

நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால் அவர்கள் ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த தண்ணீரால். எனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து தெரியும். தெரிந்துதான் கேட்டைத் திறந்து வைத்தேன்.

பாக்சிக் கத்தவில்லை. "தா அப்பா, தா அப்பா" என்று இரண்டு முறை சொல்லிவிட்டு உள்ளே போனார். தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடும் சத்தம் கேட்டது. அன்று அவர் சூராவுக்குப் போகவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். அப்பா அன்றிரவு என்னோடு பேசவில்லை. காலையில், "நாயை யாருக்காவது கொடுத்துடு" என்றார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். தன் கம்பத்தில் பழத் தோட்டத்தைக் காக்க அவர் அப்பாவும் நாய் வைத்திருந்தாராம். "காய்ந்த ரோமம் பட்டால் ஒன்றுமில்லை, மூக்கும் நாக்கும்தான் எனக்கு வேலை வைக்கும்" என்றார். காலையில் சூராவிலிருந்து அவர் திரும்புவது ஆறரை மணி. நாங்கள் கிளம்புவதும் அப்போதுதான். இப்போது ஏழு மணிக்குப் போகிறோம். கேட்டில் இரண்டாவது தாழ்ப்பாள் வந்துவிட்டது, அப்பாவே பொருத்தினார். நாயைக் கொடுக்கும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்றும் சொல்ல முடியாது.

ஆனால் மக்சிக் இப்போது சுவரோரம் வந்து அம்மாவோடு பேசுவதில்லை. கோபம் இல்லை, பயம்தான் என்று பாக்சிக் சொன்னார். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான்.

தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம். போன ஞாயிறு முறுக்கு மாவு சலிக்கும் சல்லடையைத் தேடினேன், காணவில்லை. அச்சும் இல்லை, எண்ணெய்ச் சட்டியும் இல்லை. எல்லாம் சித்தி வீட்டுக்குப் போய்விட்டன.

"நாய் வளர்க்கிறது நாம, முறுக்கு சுடுறது சித்தி வீட்டுலயா?" என்று அப்பா சத்தம் போட்டார்.

"அந்த வீட்டுக்குப் போற டப்பா மட்டும் அங்கே சுடுவேன். அவங்க கேக்கப் போறதில்ல. கேட்டா சொல்ல எனக்கு ஒரு பதில் வேணும்ல?" என்றார் அம்மா.

பூரி வெறும் அடுப்படியைச் சுற்றிச் சுற்றி முகர்ந்துகொண்டிருந்தான்.