சொசைட்டிக்கு வராத பால்

சப்ளை செயின் மேனேஜ்மென்ட்டில் டாக்டர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். எடுத்துக்கொண்டது திருவண்ணாமலை வட்டாரத்துப் பால். மாட்டிலிருந்து குளிரூட்டும் நிலையம் வரை கட்டம் கட்டமாய் வரைந்து அம்புக்குறி போட வேண்டும். காலனி மாட்டுக்கு எந்தக் கட்டம் என்று கேட்டேன். "சாதியெல்லாம் சோசியாலஜி, இங்க கொண்டாராத" என்றார் நெறியாளர்.

ஏன் கொண்டாரக் கூடாது? சுகதேவ் தோரட், கன்ஷ்யாம் ஷா முதலானோர் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையைத் தேடிப் போனார்கள். 2006-ல் நூலாக வந்தது. தலித் வீட்டுப் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றவிடாத ஊர்கள் அதில் ஏராளம். தண்ணி கலந்திருக்கான்னு சொல்ல லாக்டோமீட்டர் இருக்கு, கொழுப்பு பார்க்க மிஷின் இருக்கு. எந்தத் தெருப் பால்னு பார்க்க மிஷினே வேணாம், கேனைத் தூக்கிட்டு வர்ற ஆளின் மூஞ்சி போதும்.

இவர்கள் தலையில் தூக்கி வைத்திருக்கும் கோல்ட்ராட், அடைப்பு எங்கே என்று முதலில் பார் என 1984-லேயே எழுதிவிட்டார். அவர் சொன்னால் தியரி. நான் சொன்னால் சாதி பேசுறேனாம்.

தாட்கோ கடனில் கறவை மாடு வாங்கலாம். கறந்ததை எங்கே ஊத்துறது? வாங்க ஆளில்லாத பால் கேட்ட விலைக்குத்தான் போகும். லிட்டருக்கு எத்தனை ரூபாய் நட்டம் என்று கணக்கெடுப்பது மேனேஜ்மென்ட் இல்லாமல் வேறென்ன?

1961-ல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஆராய்ச்சிப் படிப்பில் இடஒதுக்கீடு தர 2025 ஆனது, அதுவும் கோர்ட் ஏறிய பிறகு. இந்தக் கேள்வி இதுவரை அங்கே ஏன் எழவில்லை என்று ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

காலனிக்கான கட்டத்தை வரைந்துவிட்டேன். எடுக்கச் சொன்னால் காரணத்தை எழுத்தில் தரட்டும்.