எளியவன் கணினிக்கு ஏற்ற தரம்

காணொளி ஒன்றைப் பார்ப்பவர் எந்தத் தரத்தையும் தேர்ந்தெடுக்காதபோது, தானாகவே திரையில் வந்து நிற்கும் தரம் எதுவாக இருத்தல் வேண்டும்? கணினித் துறையினர் தமக்குள் பேசி முடிக்க வேண்டிய சிறு செய்தி இது என்று தமிழாசிரியர் பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணத்தை நான் வன்மையாக மறுக்கின்றேன். பாடங்களைக் காணொளியாக்கி இணையத்தில் ஏற்றும் பணியை நாம் மேற்கொண்ட அன்றே இவ்வினா நம் வகுப்பறைக்குள் நுழைந்துவிட்டது.

இயன்ற அளவு உயர்ந்த தரமே முதலில் வந்து நிற்க வேண்டும் என்பது ஒரு சாராரின் வாதம். தமிழுக்கு மட்டும் மங்கலான படமா, பிறமொழியார் முன் நாம் தாழ்ந்து நிற்பதா என்று அவர்கள் உணர்ச்சி பொங்கக் கேட்கின்றனர். உணர்ச்சி நன்று, கணக்கும் வேண்டுமன்றோ? 1080 வரிப் படத்தின் ஒவ்வொரு சட்டத்திலும் 2,073,600 படப்புள்ளிகள் உள்ளன. 360 வரிப் படத்தில் இருப்பவை 230,400 மட்டுமே. சரியாக ஒன்பது மடங்கு வேறுபாடு! நொடிக்கு 30 சட்டங்கள் வீதம் இச்சுமையைத் தூக்க வேண்டியது, ஏற்றியவரின் புதிய கணினியன்று. அக்காள் படித்து முடித்துத் தம்பிக்கு விட்டுச்சென்ற பழைய மடிக்கணினி.

தானியங்கித் தேர்வுதான் இருக்கின்றதே, அது பார்த்துக்கொள்ளாதா என்பர் வேறு சிலர். அத்தானியங்கி முதன்மையாக அளந்து பார்ப்பது இணைப்பின் வேகத்தை. கணினியின் ஆற்றலை அது அத்துணைக் கூர்ந்து நோக்குவதில்லை. கண்ணாடியிழை இணைப்பு வந்த வீட்டில் பத்தாண்டுக் கணினி இருக்குமாயின், இணைப்பின் வேகத்தைக் கண்டு மிக உயர்ந்த தரத்தையே அது அனுப்பி வைக்கும். குழாயில் நீர் பெருக்கெடுத்து வருகின்றது. ஏந்தும் குவளையோ சிறிது.

இதற்குள் இன்னொரு சிக்கலும் உண்டு. இதைப் பற்றி நம்மவர் பேசக் கேட்பது அரிது. படத்தைச் சுருக்கி அனுப்பும் முறைகள் பல. 2003இல் வெளிவந்த எச்.264 முறையில் அமைந்த படத்தை விரித்துக் காட்டுவதற்கென்றே தனி உறுப்பு பழைய கணினிகள் பலவற்றில் உண்டு. 2013இல் வந்த விபி9, 2018இல் வந்த ஏவி1 ஆகியவற்றுக்கு அவற்றில் அத்தகைய உறுப்பு இல்லை. ஆதலால் பொதுச் செயலியே முழுச் சுமையையும் தாங்க வேண்டியுள்ளது. விசிறி இரைகின்றது, படம் திக்குகின்றது, பின்னர் ஒலியும் சிதறுகின்றது. புதிய முறைகள் தரவைச் சிக்கனப்படுத்துகின்றன என்பது மெய்யே. இணைப்புக்கு மிச்சமானது கணினியின் தலையில் ஏறுகின்றது என்பதும் மெய்யே.

2020 மார்ச்சு 18இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது பள்ளிகள் வீட்டுக்குள் புகுந்தன. கருவி எதுவும் இல்லாத மாணவர் 36.9 விழுக்காட்டினர் என்று கல்வியமைச்சு அவ்வாண்டில் எடுத்த கணக்கு கூறியது. கருவி வைத்திருந்தோரிலும் பெரும்பாலோரிடம் இருந்தது கைப்பேசியே. அதே மார்ச்சுத் திங்களில், இணையத்தின் சுமையைக் குறைக்கக் கருதிய யூடியூப் நிறுவனம், உலகெங்கும் தானாக அமையும் தரத்தை 480 வரிகளுக்கு இறக்கியது. உயர்ந்த தரம் வேண்டியோர் தாமே உயர்த்திக்கொள்ளலாம் என்றும் விட்டது. உலகம் அதனால் இருண்டு போகவில்லை. தங்கள் தேவைக்காக அவர்கள் செய்ததை, நம் மாணவன் தேவைக்காக நாம் ஏன் செய்யலாகாது?

தரத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதி திரையிலேயே உள்ளது, மாணவன் குறைத்துக்கொள்ளட்டும் என்பதே எனக்கு மிகுந்த சினமூட்டும் விடை. ஆற்றல் மிக்க கணினி வைத்திருப்பவன் அமைப்புகளை மாற்றத் தெரிந்தவன். ஒருமுறை சொடுக்கித் தரத்தை உயர்த்திக்கொள்வான். படம் திக்கும்போது அக்குறை தரத்தேர்வினால் வந்தது என்று இரண்டாம் படிவ மாணவன் எவ்வாறு அறிவான்? பாடம் கெட்டுவிட்டது என்பான், அல்லது தன் கணினியை நொந்துகொண்டு மூடிவைப்பான். மாற்றும் உழைப்பை யார் மேல் சுமத்துவது என்பதே இங்குள்ள வழக்கு. நாமோ வலுவற்றவன் தோளைத் தேடிப் பிடித்துச் சுமத்துகின்றோம்.

எதிர்த்தரப்பின் கூற்றில் ஒன்றை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். மிகத் தாழ்ந்த தரத்தில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளி மறைந்துபோகும்; ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தோன்றும். எழுத்துப் பாடத்துக்கு இது பெருங்கேடு. ஆகவே 240 வரிகளுக்கு இறங்குமாறு நான் சொல்லவில்லை. 480 போதும், எழுத்தைப் பெரிதாக எழுதினால் 360உம் போதும். ஒரு பலகையில் பதினைந்து வரிகளைத் திணித்துவிட்டு, அதைப் படிக்க 1080 வேண்டும் என்பது முறையாகாது.

யூடியூபில் ஏற்றுபவர் பார்ப்பவர்க்குரிய தரத்தைக் கட்டளையிட இயலாது என்று கைவிரிப்போரும் உளர். உண்மைதான். எனினும் 480 வரிக் கோப்பையே நாம் ஏற்றலாம். அதனை முதன்மைப் பாடமாக வைத்து, உயர்தரப் படியைத் தனியே ஏற்றி அதன் கீழ்ச் சுட்டி கொடுக்கலாமே. சொந்த இணையத்தளம் நடத்தும் சங்கங்களுக்கோ இந்தச் சாக்கும் இல்லை. எந்தக் கோப்பு முதலில் ஓட வேண்டும் என்பது அவற்றின் கையிலேயே உள்ளது. நொடிக்கு 60 சட்டங்களும் வேண்டா. பலகையருகே நின்று பேசும் ஆசிரியர் பந்து வீசப் போவதில்லை. ஒலியில் மட்டும் சிக்கனம் கூடாது. பேச்சொலி முழுவதும் தெளிவாகச் செல்லுவதற்கு ஆகும் தரவு, படத்துக்கு ஆவதில் ஒரு சிறு பங்கே. லகர ழகர ளகர வேறுபாட்டைக் கற்பிக்கும் பாடத்தில், விலையுயர்ந்த படக்கருவிக்கு ஒதுக்கிய பணத்தை நல்லதோர் ஒலிவாங்கிக்கு மாற்றிக் கொடுங்கள்.