பொட்டலமும் தாழ்ப்பாளும்

மதுரையில் பசித்தவனுக்குச் சோறு கிடைக்காது என்று யாராவது சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. கோபுர வாசலில் பொட்டலம் கொடுக்கிறோம். திருவிழாவென்றால் அண்டா அண்டாவாகப் புளியோதரை கிண்டுகிறோம். மணிமேகலைக் காப்பியத்தில் ஆபுத்திரனுக்கு அமுதசுரபி கிடைத்தது இந்த ஊர்ச் சிந்தாதேவி கோயிலில்தானே என்று பெருமையும் பேசிக்கொள்கிறோம். அந்த ஆபுத்திரனைப் பெற்றவளைப் பற்றி மட்டும் பேச்சில்லை. காசியில் வீட்டை விட்டுக் கிளம்பிய சாலி, போகிற வழியில் பெற்றாள். பெற்றதை ஒரு தோட்டத்தில் போட்டுவிட்டுப் போனாள். ஏழு நாள் பால் கொடுத்துக் காப்பாற்றியது ஒரு பசு. பசுவை நாம் கும்பிடுகிறோம். சாலிக்கு அன்றைக்கு ஒரு திண்ணை கொடுத்தவர் உண்டா?

பொட்டலம் கொடுத்து வீடு திரும்பும் புண்ணியவான்களே, அதை வாங்கிய தாய் இரவில் பிள்ளையை எங்கே கிடத்துவாள்? உள்ளே தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டாமா அவளுக்கு?

“அதற்குத்தான் தர்ம ஸ்தாபனங்கள் இருக்கின்றனவே!” என்பீர்கள். 2021இல் நடந்ததை மறந்துவிட்டோமா? போக்கிடமற்ற ஓர் இளம் தாயையும் அவள் குழந்தைகளையும், பரிதாபப்பட்டவர்கள் மதுரையில் இருந்த இதயம் டிரஸ்ட் என்ற இல்லத்தில் சேர்த்தார்கள். அந்த ஜூன் மாதம் அவளுடைய ஒரு வயது மகன் கொரோனாவில் இறந்துவிட்டான் என்றது இல்லம். தத்தனேரி மயானத்தில் அடக்கம் செய்ததற்குக் காகிதமும் இருந்தது. விசாரித்தால் காகிதம் போலி. பிள்ளை உயிரோடு இன்னொருவர் வீட்டில் வளர்ந்துகொண்டிருந்தான். அங்கிருந்த வேறொரு தாயின் பெண் குழந்தையும் அப்படியே மீட்கப்பட்டது. நிர்வாகியைப் போலீஸ் கைது செய்தது. இல்லத்துக்குச் சீல் வைத்தார்கள். சரி. அதற்கு முன்னால் அங்கே போய், எந்தத் தாய்க்கு எந்தப் பிள்ளை என்று எண்ணிப் பார்க்க ஒரு ஆள் இல்லையே!

சர்க்கார் விடுதிகளிலோ வேறொரு விசித்திரம். ஸ்வாதார் கிரே என்ற மத்திய சர்க்கார் திட்டத்தில் ஆண் பிள்ளைக்கு 8 வயது வரைதான் தாயோடு இடம். 2022இல் அது சக்தி சதன் ஆயிற்று. வயதும் 12 ஆயிற்று. அதற்கு மேல் பையன் வேறு விடுதிக்கு. நம் வீட்டில் பதின்மூன்று வயதுப் பையனுக்குத் தலை துவட்ட அம்மா வேண்டும். அவள் பிள்ளைக்கு மட்டும் அதற்குள் மீசை முளைத்துவிடுகிறதாக்கும்!

பெரிய நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், அது வருஷம் முழுவதும் இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று 2010இல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லியாயிற்று. 2011 ஜனக்கணக்கிலேயே மதுரை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆகவே பத்துக்குக் குறையக் கூடாது. அவற்றில் தாயும் பிள்ளையும் பிரியாமல் படுக்க எத்தனை அறை? இரவில் போய்ப் பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரி யார்? வீட்டு வரி கட்டப் போகும்போது கார்ப்பரேஷன் ஆபீஸில் கேளுங்கள். குமாஸ்தா ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும்.