வீட்டைப் பார்க்கிறோம், மண்ணைப் பார்க்கிறோமா?

நோர்வேயில் வீடு பார்க்கப் போகும் எங்கட ஆட்கள் கேட்கும் கேள்விகள் எனக்குப் பாடம். குளியலறை எந்த ஆண்டு திருத்தினது, கூரை எத்தனை வருசம் தாங்கும், ரயில் நிலையம் எவ்வளவு தூரம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எது. எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் "வீட்டுக்குக் கீழே என்ன மண்?" என்று கேட்ட ஒருவரை இன்னும் காணவில்லை. நான் மண் ஆய்வு வேலை செய்கிறவன். இது உங்கட தொழில் வியாதி என்று வீட்டில் சொல்லுவினம். இருக்கலாம். ஆனாலும் இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஒஸ்லோவைச் சுற்றியும் ரொமரிக்கப் பக்கமும் த்ரொண்ட்ஹைம் பக்கமும் பரந்து கிடக்கும் களிமண் ஒருகாலத்தில் கடலடியில் படிந்தது. பனிப்பாறை உருகிப் பாரம் குறைய நிலம் மெல்ல மேலெழும்பியது. ஒஸ்லோப் பகுதியில் பழைய கடல்மட்டத்தின் அடையாளம் இன்றைய கடலிலிருந்து ஏறத்தாழ 200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கடலில் படிந்த களியின் துகள்களைப் பிடித்து வைத்திருந்தது உப்பு. மழைநீரும் நிலத்தடி நீரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக ஊறி ஊறி அந்த உப்பைக் கழுவிக்கொண்டு போன இடங்களில் மிஞ்சியதுதான் 'க்விக்லெய்ர'.

யாழ்ப்பாணத்தில் கிணறு உப்பாகினால் தலையில கை வைப்பம். இங்கே கதை மறுவளம், உப்புப் போனால்தான் ஆபத்து. ஆய்வுகூடத்தில் இந்தக் களியில் ஒரு துண்டை மேசையில் வைத்தால் கட்டியாக நிற்கும். அதையே கோப்பையில் போட்டுக் கரண்டியால் கிண்டினால் கூழ் மாதிரி ஊற்றலாம், தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்காமலே! பிறகு கொஞ்சம் உப்புப் போட்டுக் கிண்டினால் திரும்பவும் இறுகும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

களத்தில் இதைக் கண்டுபிடிப்பது அவ்வளவு லேசில்லை. துளையிடும் இயந்திரம் கம்பியை ஒரே வேகத்தில் சுழற்றி இறக்கும். சாதாரண களியில் ஆழம் கூடக் கூடத் தள்ளும் விசையும் கூடும். கூடாமல் அப்படியே நின்றாலோ குறைந்தாலோ எங்களுக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு 54 மில்லிமீற்றர் குழாயில் மாதிரி எடுத்து, இரண்டு பக்கமும் அடைத்து, குளிரில் உறையவிடாமலும் குலுங்காமலும் ஆய்வுகூடம் கொண்டுபோக வேண்டும். அங்கே கூம்பு ஒன்றை மாதிரியின் மேல் விழவிட்டு எவ்வளவு ஆழம் இறங்குது என்று பார்ப்பார்கள். கிண்ட முன் ஒருதரம், கிண்டின பின் ஒருதரம். வாகனத்தில் மாதிரி குலுங்கிப்போனால் அந்த எண்ணை நம்ப ஏலாது. மண் ஆய்வின் தரம் பாதி இந்தப் பொறுமையில்தான் இருக்கிறது. செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். "பத்துத் துளை எதுக்கு, நாலு போதாதா?" என்று கேட்கும் கட்டிடக்காரரை நான் கண்டிருக்கிறேன். சமையலறைக் கல்லுக்கு அவர் அப்படிப் பேரம் பேசினதைக் காணவில்லை.

1978 ஏப்ரல் 29 அன்று ரிஸ்ஸாவில் ஒரு பண்ணையின் கட்டிட வேலைக்குத் தோண்டிய மண்ணை ஏரிக்கரையில் கொட்டினார்கள். சுமார் 700 கன மீற்றர்தான். அதன் பாரத்தில் கரை வழுக்கியது, பின்னால் இருந்த நிலம் துண்டு துண்டாகத் தொடர்ந்தது. கடைசியில் 33 ஹெக்டயர் நிலம் போய், ஓர் உயிரும் போனது.

2020 டிசம்பர் 30 அதிகாலை யேர்ட்ரும் கொம்யூனில் ஆஸ்க் என்ற ஊரில் 10 பேர் இறந்தார்கள். அந்த இடத்தில் க்விக்லெய்ர இருப்பது முன்பே வரைபடத்தில் இருந்தது. அரசு அமைத்த குழு காரணத்தைத் தேடிப் போய் நின்ற இடம் ஒரு சின்ன ஓடை, திஸ்தில்பெக்கன். அது ஆண்டுக்கணக்காகத் தன் அடியை அரித்து அரித்துச் சரிவின் காலை வாரியிருந்தது. அந்த ஆண்டு இலையுதிர்காலம் ஈரமானது, மிச்சத்தை அது பார்த்துக்கொண்டது.

இதனால்தான் "மண் பரிசோதனை எல்லாம் செய்தாச்சு" என்ற பதில் எனக்குப் போதாது. எந்த ஆண்டு செய்தது? காணிக்குள் மட்டுமா, முழுச் சரிவிலுமா? அதற்குப் பிறகு மேலே யாராவது மண் நிரப்பினார்களா, கீழே யாராவது வெட்டினார்களா? அறிக்கை அலுமாரியில் இருக்கும், ஓடை தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

வீடு விற்கும்போது தரும் நிலை அறிக்கை ஈரக்கசிவையும் குளியலறையையும் கூரையையும் பக்கம் பக்கமாக விபரிக்கிறது. பழைய மண் ஆய்வு இருந்தால் அதையும் வாங்குபவர் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவேண்டும் என்பது என் கருத்து. க்விக்லெய்ரப் பகுதியில் ஓடும் ஓடைகளைக் கொம்யூன்கள் தவணைக்குத் தவணை நடந்து பார்க்கவும் வேண்டும். காசு இல்லை என்பார்கள். ஓடைக்கரையில் கல் அடுக்குவது ஊரை மீளக் கட்டுவதைவிட மலிவு.

பயப்படச் சொல்லவில்லை. இந்தக் களியின் மேல் ஏராளமானோர் நிம்மதியாக வாழுகிறார்கள். சுண்ணாம்பும் சீமெந்தும் கலந்த தூண்களை மண்ணுக்குள் இறக்கி அதை உறுதிப்படுத்தவும் முடியும். ஆபத்து வலயங்களின் வரைபடத்தை என்.வி.ஈ. இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது, வீடு பார்க்கப் போக முன் பத்து நிமிசம் அதைப் பாருங்கோ. ஆனால் வரைபடத்தில் நிறம் இல்லை என்பதற்காக அங்கே க்விக்லெய்ர இல்லை என்று எடுக்க வேண்டாம். துளையிட்டுப் பார்க்காத இடமாகவும் இருக்கலாம்.

வீடு ஏற்கனவே வாங்கியாச்சு, வளவுக்குப் பின்னால் ஓடையும் சரிவும் இருக்குது, கோடை வரப்போகுது, மண் நிரப்பிப் பின்பக்கத்தைச் சமன்படுத்தி ஒரு மரத்தளம் போட யோசிக்கிறீர்கள் என்றால், முதல் லொறி மண் வர முன்னம் கொம்யூனுக்கு ஒரு போன் எடுங்கோ.