கம்பனியாகப் பதிந்த பள்ளிக்கூடம்

மதிப்புக்குரிய கல்வி அமைச்சர் அவர்களுக்கு,

கட்டணம் வாங்கி நடக்கும் சர்வதேசப் பாடசாலைகளைக் கல்விச் சட்டத்துக்குள் கொண்டுவருமாறு கேட்கவே இம்மடல். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிதாகப் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. தடை ஏட்டில் இருக்க, சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகள் சட்டத்தின்கீழ்ப் பதிவாகி நாடெங்கும் பெருகிவிட்டன. பெற்றோருக்கு அது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் கலவன் பாடசாலை. சட்டத்துக்கோ வெறும் கம்பனி. அங்கே யார் கற்பிக்கிறார், என்ன தகைமையோடு கற்பிக்கிறார் என்பது உங்கள் அமைச்சின் மேற்பார்வைக்கு வெளியே நிற்கிறது.

அரசு ஒதுங்கி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு மாத்தளை மாவட்டமே சாட்சி. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்துக்கொடுப்பதை 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைச் சட்டம் தோட்ட உரிமையாளரின் தலையில் வைத்தது. ரத்தோட்டை, எல்கடுவ மலைகளின் தோட்டப் பள்ளிக்கூடங்களும் ஒருவகையில் தனியார் நடத்திய கலவன் பாடசாலைகளே. படித்த பிள்ளை மலைக்கு வேலைக்கு வராது என்று அஞ்சக்கூடியவரிடமே அந்தப் பிள்ளையின் படிப்பை ஒப்படைத்த ஏற்பாடு அது. பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1960–61இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. தோட்டப் பள்ளிக்கூடங்களின் முறை வந்ததோ 1977இலிருந்துதான். மலையகத்தின் பின்னடைவுக்குக் குடியுரிமைப் பறிப்பும் வறுமையும் காரணம்தான். ஆனால் இடைப்பட்ட 32 ஆண்டுகளின் இழப்பில் அரசின் பங்கை மறைக்க முடியாது.

அன்றைய தொழிலாளிக்கு வேறு வழியில்லை, இன்றைய பெற்றோர் விரும்பித்தானே பணம் கட்டுகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். விவரம் தெரியாமல் செய்யும் தெரிவு அரைத் தெரிவே. லண்டன் பாடத்திட்டத்தில் சில வருடம் படித்த பிள்ளையை நடுவில் அரச பாடசாலைக்கு மாற்றுவதும் எளிதல்ல. சர்வதேசப் பாடசாலைகளை அங்கீகரித்தால் கல்வி வியாபாரத்துக்கு முத்திரை குத்தியதாகும், இலவசக் கல்வி தந்த கன்னங்கராவின் கனவு கலையும் என்பது இன்னும் கனமான ஆட்சேபம். ஆனால் அங்கீகாரம் மறுத்ததால் எந்தக் கட்டணமும் நின்றுவிடவில்லை, மேற்பார்வைதான் நின்றுபோனது. 1960–61இல் அரசிடம் சேராமல் தனித்து நின்ற பாடசாலைகள் இன்றும் அரசின் அங்கீகாரத்தோடு இயங்குகின்றன. தனி நிர்வாகமும் அரச மேற்பார்வையும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்க முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பாடசாலைகளைப் பறிக்கச் சொல்லவில்லை. அமைச்சில் கட்டாயப் பதிவு, ஆசிரியருக்குக் குறைந்தபட்சத் தகைமை, பெற்றோர் வாசிக்கக்கூடிய பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றும் போதும். சட்டம் வரும்வரை, மாவட்டத்தில் இயங்கும் இத்தகைய பாடசாலைகளின் பட்டியலையாவது மாத்தளை வலயக் கல்வி அலுவலகத்தின் அறிவித்தல் பலகையில் மும்மொழியிலும் ஒட்டச் சொல்லுங்கள். எண்ணிப் பார்க்காத பிள்ளைக்கு யாரும் பொறுப்பேற்க முடியாது.

இப்படிக்கு,
மாத்தளை மாவட்டக் குடிமகன் ஒருவன்