வெட்டுண்ட காய்க்கும் வேலை உண்டு

சதுரங்கத்தில் வெட்டுண்ட காய்க்கு மறுபிறவி கிடையாது. யானையானாலும் சரி, குதிரையானாலும் சரி, வெட்டுப்பட்ட மாத்திரத்தில் பலகையை விட்டு இறங்கிப் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஜப்பானியர்களின் 'ஷோகி' ஆட்டத்தில் அப்படியல்ல. பிடிபட்ட காய் பிடித்தவன் வசம் சேருகிறது. வேண்டிய சமயத்தில், வேண்டிய கட்டத்தில், அதைத் தன் படையாகவே அவன் இறக்கலாம். 81 கட்டங்கள், 40 காய்கள். காய்களில் கறுப்பு வெள்ளை என்ற பேதம் இல்லை. ஐந்து மூலை கொண்ட மரத்துண்டின் கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அதுவே அதன் கட்சி!

இந்த விசித்திர விதியைப் பற்றி ஒரு கதை பிரசித்தம். இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின் ஜப்பான் அமெரிக்கப் படையின் ஆதிக்கத்தில் இருந்தது. 1947-ம் வருஷம் மசுடா கோசோ என்ற ஆட்டக்காரரை அதிகாரிகள் அழைத்து, "கைதிகளைப் பிடித்துப் போருக்கு அனுப்புகிறீர்களே, இது கொடுமை அல்லவா?" என்ற பொருள்படக் கேட்டார்களாம். "நாங்கள் கைதியைக் கொல்வதில்லை. அவனுடைய பதவியைக் குறைக்காமல் வேலை கொடுக்கிறோம். கொன்று போடுவது உங்கள் சதுரங்கம்தான்" என்று பதில் வந்ததாம். பின்னாளில் மசுடாவே சொல்லிப் பரவிய கதை இது.

பதில் என்னவோ சாமர்த்தியமானதுதான். ஆனால் அதே கேள்வியைச் சற்றே திருப்பிப் போட்டால் அவ்வளவு சுலபமாகப் பதில் வராது. காய்களிடம் காட்டிய தயையை ஷோகி உலகம் ஆட்களிடம் காட்டியதா?

இருபத்தாறு வயதுக் கெடு

ஜப்பானில் ஷோகி வெறும் பொழுதுபோக்கு அல்ல, ஒரு ஜீவனோபாயம். பெரிய பத்திரிகைகள் பட்டப் போட்டிகளுக்குப் பணம் கொடுக்கின்றன. வென்றவர் பெயர் நாடெங்கும் அடிபடுகிறது. அந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசலுக்கு 'ஷோரெய்காய்' என்று பெயர். பத்துப் பன்னிரண்டு வயதில் ஊரிலேயே கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கிய பையன்கள் இதில் சேருகிறார்கள். தகுதியைப் படிகளாகக் கணக்கிடுவார்கள். மூன்றாம் படி வரை மாணவன். நான்காம் படியில் கால் வைத்தால்தான் தொழில் ஆட்டக்காரர். சம்பாத்தியமும் கௌரவமும் அதற்கு மேல்தான்.

மூன்றாம் படியில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போட்டி நடக்கிறது. ஒவ்வொருவருக்கும் 18 ஆட்டங்கள். முதல் இருவருக்கு மட்டும் நிச்சயமான இடம். அதாவது வருஷத்துக்கு நால்வர். 26 வயதுக்குள் நான்காம் படிக்கு ஏறாதவர் வெளியேற வேண்டும். பருவத்தில் தோல்வியைவிட வெற்றி அதிகமாக இருந்தால் தவணை நீளும். 29-க்கு மேல் அதுவும் கிடையாது.

இந்தக் கெடுவை ஆதரிப்பவர்கள் சொல்லும் நியாயத்தைத் தள்ளிவிட முடியாது. நாற்பது வயது வரை ஒருவனை ஆசை காட்டி உட்கார வைப்பது தயையா? வேறு வேலை தேடிக்கொள்ள வயதும் தெம்பும் இருக்கும்போதே அனுப்பிவிடுவதல்லவா தயை? வாஸ்தவம். ஆனால் பள்ளிப் பருவம் முழுவதையும் பலகைக்கே கொடுத்துவிட்ட வாலிபன், ஒரு நாள் காலையில் எழுந்து, இனி தனக்கு அங்கே இடமில்லை என்று அறிவது சாமானிய விஷயமல்ல.

தோற்றவர்களின் திருவிழா

அப்படி வெளியேறியவர்களில் பலர் மறுபடி தலைகாட்டும் இடம் அமெச்சூர்களின் தேசியப் போட்டி. 1947-ல் தொடங்கியது அமெச்சூர் மெய்ஜின் போட்டி. 'மெய்ஜின்' என்பது இந்த ஆட்டத்தின் மிகப் பழைய பட்டம். ஜப்பானின் 47 மாகாணங்களிலும் முதலில் உள்ளூர்ப் போட்டி நடக்கிறது. அதில் தேறியவர்கள் தங்கள் மாகாணத்தின் பிரதிநிதிகளாக வந்து கூடுகிறார்கள். வாரம் முழுவதும் ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவரும், கல்லூரி மாணவரும், ஒரு காலத்தில் ஷோரெய்காயில் கண்ணீர் விட்டவரும் அங்கே எதிரெதிரே உட்காருகிறார்கள். ஜீவனம் இதில் இல்லை. ஆனாலும் ஆட்டத்தில் விளையாட்டுத்தனம் இல்லை!

இத்தகைய போட்டிகளில் முன்னணிக்கு வந்தவர்களுக்குத் தொழில் ஆட்டக்காரர்களின் போட்டிகள் சிலவற்றில் ஆடவும் இடம் உண்டு. அங்கேதான் சங்கடம் பிறந்தது. "தகுதி போதாது" என்று அனுப்பப்பட்டவர், தகுதி பெற்றவரைத் தோற்கடித்தால் என்ன செய்வது?

1980, 1981 இரண்டு வருஷங்களிலும் அமெச்சூர் மெய்ஜின் பட்டம் பெற்றவர் கோய்கே ஷிகெயாகி. தொழில் ஆட்டக்காரர்கள் பலரை வென்றவர். அவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்ற பேச்சு எழுந்தபோது சங்கம் மறுத்துவிட்டது. அவருடைய நடத்தையிலும் குறைகள் இருந்தன என்பது உண்மை. 1992-ல் 44-ம் வயதில் அவர் காலமானார். கதவு திறக்கவே இல்லை.

ஓர் அஞ்சலட்டை

திறக்க வைத்தவர் செகாவா ஷோஜி. 14 வயதில் ஷோரெய்காயில் சேர்ந்து, 1996-ல் 26 வயதுக் கெடுவில் வெளியேறியவர். இரவுக் கல்லூரியில் படித்து, கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் அமர்ந்தார். விட்ட ஆட்டம் அவரை விடவில்லை. 1999-ல் அமெச்சூர் மெய்ஜின் ஆனார். தொழில் ஆட்டக்காரர்களோடு ஆடிய ஆட்டங்களில் பத்துக்கு ஏழு வீதத்துக்கு மேல் வென்றார். 2005 பிப்ரவரியில், "என்னைப் பரீட்சித்துப் பாருங்கள்" என்று சங்கத்துக்கு மனுக் கொடுத்தார். இதற்கு முன் பரீட்சை மூலம் இப்படிச் சேர்ந்தவர் 1944-ல் ஹனமுரா மோட்டோஜி ஒருவரே. அறுபது வருஷத்துக் கதை!

ஆட்சேபங்கள் எழாமல் இல்லை. "நாங்கள் ஏறிய ஏணியில் ஏறாமல் ஒருவர் மாடிக்கு வருவதா?" என்பதுதான் அவற்றின் சாரம். ஆயினும் பெரும்பான்மையோர் இணங்கினார்கள். ஆறு ஆட்டங்களில் மூன்று வெல்ல வேண்டும் என்று நிபந்தனை. முதல் ஆட்டத்திலேயே தோல்வி. எதிரி 17 வயது மாணவர் ஸாட்டோ அமாஹிகோ. பின்னாளில், 2016-ல், மெய்ஜின் பட்டமே பெற்றவர் அவர். மனம் இடிந்திருந்த செகாவாவுக்கு, ஐந்தாம் வகுப்பில் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையிடமிருந்து ஓர் அஞ்சலட்டை வந்து தைரியம் சொன்னதாக அவரே தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். நவம்பர் 6-ந் தேதி, ஐந்தாவது ஆட்டத்தில் அவருக்கு மூன்றாவது வெற்றி. 35-ம் வயதில் நான்காம் படி!

அவர் வரலாறு 2018-ல் சினிமாவாக வந்தது. அதை இயக்கிய டொயோடா டொஷியாகியும் சிறு வயதில் ஷோரெய்காயில் இருந்து விலகியவரே.

2006-ல் இந்தப் பரீட்சை நிரந்தர விதியாயிற்று. இதனால் தரம் குறைந்துவிட்டதா? செகாவா 2009-ல் முறையான தரவரிசைப் பிரிவுக்கே உயர்ந்தார். இரண்டு தடவை வெளியேற்றப்பட்டு, முதியோர் பராமரிப்பு வேலை பார்த்து வந்த இமாய்சுமி கென்ஜி, 2015-ல் 41 வயதில் தொழில் ஆட்டக்காரரானார். 2018-ல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் அவர் வென்றது யாரைத் தெரியுமா? பதினைந்து வயது புஜீய் சோட்டாவை! 2023-ல் எட்டுப் பட்டங்களையும் ஒருசேரத் தாங்கி நின்ற அதே புஜீயைத்தான். 2023-ல் தேறிய கோயாமா ரெயோ இன்னும் ஒரு படி மேல். 2011 சுனாமியில் வீட்டை இழந்த கமாய்ஷி ஊர்க்காரர் அவர். ஷோரெய்காயில் உறுப்பினராக இராமலே, அமெச்சூர் போட்டிகளிலேயே வளர்ந்து வந்தவர்.

இன்னும் ஒரு கதவு

பெண்கள் விஷயம் மட்டும் இழுபறியாகவே இருந்து வருகிறது. பெண்களுக்கென்று தனித் தொழில் பிரிவு இருக்கிறது. ஆனால் பொதுவான நான்காம் படி வேறு. நிஷியாமா டொமோகா என்ற வீராங்கனை, 2020 மார்ச்சில் முடிந்த மூன்றாம் படிப் போட்டியில் 14 ஆட்டங்களை வென்றும், மயிரிழையில் மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டார். பிறகு அதே பரீட்சையை எழுதினார். ஐந்து ஆட்டங்களில் மூன்று வேண்டும். இரண்டு கிடைத்தது. 2025 ஜனவரி 22-ந் தேதி கடைசி ஆட்டத்தில் தோற்றார். அன்று வரை ஒரு பெண்கூட அந்தப் படியை எட்டியதில்லை.

2025 ஜூனில் சங்கம் ஒரு விதி செய்தது. பெண்களின் 'ஹாகுரெய்' பட்டத்தை ஐந்து முறை வென்றவர் நான்காம் படிக்கு வரலாம் என்பது அது. இது சலுகை என்று சிலர் முணுமுணுக்கிறார்கள். ஐந்து முறை பட்டம் வெல்வது சலுகையா, சாதனையா என்பதை அவர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

எல்லோருக்கும் இடம் கொடுத்தால் அது தொழிலாக இராது, சந்தையாகிவிடும். வருஷத்துக்கு நால்வர் என்ற கண்டிப்பில் தவறில்லை. ஆனால் கண்டிப்பு வேறு, தாழ்ப்பாள் வேறு. 26 வயதில் ஒருவனுடைய திறமை முடிந்துவிட்டது என்று தீர்ப்புக் கூற எந்தச் சங்கத்துக்கும் ஞானதிருஷ்டி கிடையாது. அன்றைக்கு அவன் தோற்றான் என்று மட்டுமே சொல்ல முடியும். மறுநாள் வந்து, "இன்னொரு தடவை ஆடலாமா?" என்று கேட்க அவனுக்கு ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை இத்தனை வருஷங்களாகக் காத்து வந்தவை பட்டப் போட்டிகள் அல்ல, சம்பளமில்லாத அமெச்சூர் போட்டிகளே.

ஷோகியில் ஆட்டம் முடிந்ததும், "நான் தோற்றேன்" என்று முதலில் தலை வணங்குகிறவர் தோற்றவர்தான். அதோடு எழுந்து போய்விட மாட்டார். வென்றவரும் தோற்றவருமாக உட்கார்ந்து, எந்த இடத்தில் வழி தவறியது என்று காய்களை மறுபடி அடுக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பேச்சில் தோற்றவரின் வார்த்தைக்கும் சம மதிப்பு உண்டு. தோற்றவரை எழுப்பி அனுப்பாமல் கூட உட்கார வைத்துக்கொள்ளும் இந்தப் பண்பு பலகையோடு நின்றுவிடாமல் சங்கத்தின் விதிப் புத்தகத்திலும் ஏற வேண்டும். ஏறத் தொடங்கியிருக்கிறது. அது போதாது, ஆனால் நல்ல தொடக்கம்.